பற்றவைப்புச் சிற்பம்

இரும்பு, எஃகு, செம்பு, பித்தளை ஆகியவற்றின் தகடுகளையும் கம்பிகளையும் விளிம்பில் உருக்கி ஒன்றோடொன்று இணைத்துச் செய்யும் சிற்பம் பற்றவைப்புச் சிற்பம். பட்டறைகளில் வெல்டிங் சிற்பம் என்றே சொல்வார்கள். கல்தச்சர் வேண்டாததைச் செதுக்கி நீக்குகிறார். சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உருச் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். பற்றவைப்பில் அச்சும் கிடையாது, வார்ப்பும் கிடையாது. துண்டோடு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். சரியாக அமையாததை அறுத்தெடுத்து வேறு இடத்தில் வைக்கலாம். இப்படித் திருத்த இடம் கொடுப்பதால் புதிதாகக் கற்பவர்களுக்கு இது ஏற்ற முறை.

தோற்றம்

இக்கலையின் தாய்வீடு தொழிற்சாலை. பார்சிலோனாவில் 1876-இல் உலோக வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்த ஹூலியோ கொன்சாலஸ், 1918-இல் பாரிசை ஒட்டிய ரெனோ கார் ஆலையில் வேலை பார்த்தபோது ஆக்சிஜன்-அசிட்டிலின் சுடரால் பற்றவைக்கக் கற்றார். 1928 முதல் சில ஆண்டுகள் பிக்காசோவின் உலோகச் சிற்பங்களுக்குக் கைகொடுத்தார். இரும்புக் கம்பியைக் கோடாக வைத்து வெற்றிடத்தில் வரையலாம் என்ற எண்ணம் அவரிடம் உருவானது அப்போதுதான். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் அரங்கில் வைக்கப்பட்ட அவருடைய ‘மொன்செராட்’, கையில் குழந்தையும் அரிவாளுமாக நிற்கும் குடியானவப் பெண். முழுவதும் இரும்புத் தகட்டால் ஆனது.

அமெரிக்கரான டேவிட் ஸ்மித்தும் (1906–1965) ஆலையில் கற்றவர்தான். 1925 கோடையில் இண்டியானா மாநிலத்து ஸ்டூடிபேக்கர் கார் ஆலையில் வேலை பார்த்தார். பிக்காசோ, கொன்சாலஸ் ஆகியோரின் இரும்புச் சிற்பப் படங்களைப் பின்னாளில் ஓர் இதழில் கண்டதும், தன் கைக்கு ஏற்கெனவே பழகிய தொழிலே சிற்பமாகும் என்பது அவருக்குப் புரிந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ரயில் எஞ்சின் ஆலையில் பற்றவைப்பாளராக இருந்தார். 1962-இல் இத்தாலியின் வோல்ட்ரி ஊரில், கைவிடப்பட்ட எஃகு ஆலையில் கிடந்த பழைய கருவிகளையும் துண்டுகளையும் கொண்டு ஏறக்குறைய 30 நாளில் 27 சிற்பங்கள் செய்தார். பல ஆண்டுகள் பட்டறையில் பழகிய கையால்தான் அந்த வேகம் முடியும்.

சென்னையை அடுத்து 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தோடு இக்கலைக்கு நெருங்கிய உறவு உண்டு. அந்தக் கிராமத்துச் சிற்பி பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டி எழுப்பி, அதன்மேல் கம்பிகளைக் கோடுகளாகப் பற்றவைத்துத் தெய்வ உருவங்களைச் செய்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பு, பித்தளைத் துண்டுகளைப் பற்றவைத்து, புராண உருவங்களை நினைவூட்டும் சிற்பங்களைப் படைத்தார்.

முதல் பாடம்: கோடு இழுத்தல்

தொடங்குபவர் சிலையை மறந்துவிட்டு 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடு ஒன்றோடு உட்கார வேண்டும். மேற்பூச்சுள்ள உலோகக் குச்சியான ராடு கொண்டு செய்யும் ஆர்க் வெல்டிங்தான் மலிவானது, பழகவும் எளிது. சிறிய இன்வெர்ட்டர் மெஷின் ஒன்று போதும். எர்த் கிளாம்பைத் தகட்டில் கவ்வவிட்டு, ஹோல்டரில் 2.5 மில்லிமீட்டர் ராடைப் பிடித்து, 60 முதல் 90 ஆம்பியருக்குள் மின்னோட்டத்தை வைக்கலாம். தீக்குச்சியைக் கிழிப்பதுபோல் ராடைத் தகட்டில் உரசினால் வில்சுடர் (ஆர்க்) பிடிக்கும். ராடின் தடிமன் அளவுக்கே இடைவெளி விட்டு, ஒரே சீரான வேகத்தில் கையை நகர்த்த வேண்டும். ராடு உருகிக் குறையக் குறையக் கையும் இறங்கிக்கொண்டே வர வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான்.

ராடின் மேற்பூச்சு எரிந்து வாயுவாகி, உருகிய உலோகத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் தொடாமல் காக்கிறது. மிச்சம் கசடாகி மேலே படிகிறது. ஆறியதும் அதைச் சிப்பிங் சுத்தியலால் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்தால் உள்ளே இருக்கும் கோடு தெரியும். அப்பளம் பொரிவதுபோல் சீரான ஓசை கேட்டால் வேலை சரியாகப் போகிறது. ராடு ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் குறைவு, அல்லது கை மிகவும் கிட்டே போய்விட்டது. தகட்டில் ஓட்டை விழுந்தால் மின்னோட்டம் அதிகம், அல்லது கை மெதுவாகப் போகிறது. ஒரே தகட்டில் ஐம்பது கோடு இழுத்துப் பார்த்தவருக்கு இவை தானே விளங்கும்.

அடுத்தது இணைப்பு. துரு, பெயின்ட், எண்ணெய் எல்லாவற்றையும் கிரைண்டரால் நீக்கிய பிறகே பற்றவைக்க வேண்டும். முதலில் அங்கங்கே சிறு புள்ளிகளாக ‘டேக்’ வைத்து நிறுத்தி, சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்து, கோணம் பிடித்த பிறகுதான் முழு இணைப்பு. பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கித் தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கமாகப் போட்டால் நேராக நின்ற உருவம் சாய்ந்துவிடும். இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகப் போட வேண்டும்.

பொருளைத் தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போகலாம். நட்டு, போல்ட்டு, சைக்கிள் செயின், பல்சக்கரம், தேய்ந்த ஸ்பானர் என்று உருவத்தைத் தாங்களே சொல்லும் பொருள்கள் அங்கே கிடைக்கும். வார்ப்பிரும்பை மட்டும் தொடக்கத்தில் தவிர்க்கலாம். ஆறும்போது விரிசல் விடும். செம்பு, பித்தளை வேலைக்கு கேஸ் வெல்டிங் பழக வேண்டும்.

ஆபத்துகள்

வில்சுடரின் புற ஊதா ஒளி கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் வலிக்கும். வெறுங்கண்ணால் ஒரு ‘டேக்’ கூட வைக்கக் கூடாது. ராடு வேலைக்கு 10-ஆம் எண் அல்லது அதற்கு மேற்பட்ட கருங்கண்ணாடி பொருத்திய முகக்கவசம் வேண்டும். கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. தெருவோரப் பட்டறையில் வேடிக்கை பார்க்கும் குழந்தையின் கண்ணையும் அந்த ஒளி அதேபோல் சுடும் என்பதால் திரை கட்டுவது கடமை. கண் வலித்தால் கைவைத்தியம் பார்க்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஜி.ஐ. குழாய், ஜி.ஐ. தகடு ஆகியவற்றின் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். பெட்ரோல், பெயின்ட், ரசாயனம் இருந்த டின்னும் பீப்பாயும் வெடிக்கும்; காலியாகத் தெரிந்தாலும் தொடக்கூடாது. நைலான் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்; பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய காலணி அவசியம். வியர்வையில் நனைந்த கையுறையோடு ஹோல்டரைப் பிடிப்பது மின்னதிர்ச்சிக்கு வழி. அசிட்டிலின் உருளையைப் படுக்க வைக்கக் கூடாது. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீசோ படவே கூடாது.

கற்கும் இடங்கள்

தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சென்னையில் 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் பட்டப்படிப்பாகவே உண்டு. கொன்சாலசும் ஸ்மித்தும் கற்றது தொழிலாளர் நடுவே என்பதால், நல்ல கைத்தேர்ச்சி உள்ள ஒரு வெல்டரிடம் சில மாதம் உதவியாளாக இருப்பதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

பார்த்தும் கற்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலத்துக்குப் போனால், சிற்பங்களை எட்ட நின்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அருகே போய், இரண்டு உலோகங்கள் சேரும் இடங்களைப் பாருங்கள்.