பெற்றோர்மேல் விழுந்த பழி

தியானப் பகுதி: யோவான் 9:1-23



பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டபோது சீஷர்கள் ஆண்டவரிடம் கேட்ட கேள்வியை நீங்கள் அறிவீர்கள். இந்தத் துன்பத்திற்குக் காரணம் அவனுடைய பாவமா, அவனைப் பெற்றவர்களின் பாவமா என்று அவர்கள் அறிய விரும்பினார்கள். இரண்டும் அல்ல என்று ஆண்டவர் தெளிவாக உரைத்தார். அதே அதிகாரத்தில் நாம் விரைவாகக் கடந்துபோகிற இன்னொரு காட்சியும் உண்டு. யூதத் தலைவர்கள் அந்தப் பெற்றோரை அழைத்து விசாரித்தார்கள். ஜெபஆலயத்திலிருந்து விலக்கப்படுவோமோ என்று பயந்து, மகன் வயதுவந்தவன், அவனிடமே கேளுங்கள் என்று சொல்லி அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மகன் பார்வையடைந்த நாளிலும் அவர்களால் மனந்திறந்து பேச முடியவில்லை.

நெடுங்காலம் பழி சுமந்தவர்கள் இப்படித்தான் மௌனமாகிப்போகிறார்கள். அந்த மௌனத்தைக் கலைத்த சில தாய்மாரின் வரலாற்றை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மனச்சிதைவு என்னும் கடும் மனநோயைக்குறித்து 1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் எழுதிய மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மான், அந்நோயை உண்டாக்கும் தாய் என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கையாண்டார். தாயின் அன்பற்ற நடத்தையே பிள்ளையின் நோய்க்கு வித்து என்ற கருத்து அதன்பின் பல ஆண்டுகள் மருத்துவர் நடுவே செல்வாக்குப் பெற்றிருந்தது. பின்வந்த ஆராய்ச்சிகள் அதற்கு ஆதாரம் காணவில்லை. ஆனால் அதற்குள் எத்தனையோ தாய்மார், பிள்ளையின் நோயோடு அந்தப் பழியையும் சேர்த்துச் சுமந்துவிட்டார்கள். சீஷர்கள் கேட்ட பழைய கேள்வியே மருத்துவமனைக்குள்ளும் கேட்கப்பட்டது.

1955ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் 5,50,000க்கும் அதிகமானோர் இருந்தார்கள். குளோர்புரோமசின் போன்ற புதிய மருந்துகள் வந்தன. 1963இல் அதிபர் கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். பெரிய மருத்துவமனைகள் நோயாளிகளை வெளியே அனுப்பத் தொடங்கின. ஆனால் அவர்களை ஏற்றுக்கொள்வதற்காகத் திட்டமிடப்பட்ட மையங்களில் பல கட்டப்படவே இல்லை. இதனால் அநேகர் வீட்டுக்கே திரும்பினார்கள். நோய்க்குக் காரணம் என்று யாரைப் பழித்தார்களோ, அந்தத் தாயின் கையிலேயே நோயாளியைப் பராமரிக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

1977ஆம் ஆண்டு, விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் ஹாரியட் ஷெட்லர், பெவர்லி யங் என்னும் இரண்டு தாய்மார் ஒருவேளை உணவுக்காகச் சந்தித்தார்கள். இருவருடைய மகன்களுக்கும் மனச்சிதைவு நோய். ஒருவர் சொன்னதை மற்றவர் விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டார். தங்களைப்போல வேறு குடும்பங்களும் இருக்குமே என்று எண்ணி, அவர்களைத் தேடி அழைத்துச் சிறு குழு ஒன்றைத் தொடங்கினார்கள். அக்குழுவின் ஆங்கிலப் பெயருடைய முதலெழுத்துகளைச் சேர்த்தால், பிரெஞ்சு மொழியில் நண்பன் என்று பொருள்படும் சொல் கிடைக்கும். 1979 செப்டம்பரில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இருநூறுக்கும் மேற்பட்டோர் மேடிசனில் கூடினார்கள். நாமி என்று அழைக்கப்படும் தேசியக் கூட்டமைப்பு அங்கே பிறந்தது.

இதைக் கட்டியெழுப்பியவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். தொலைபேசியில் பேசுவது, கூட்டத்திற்கு நாற்காலி போடுவது, சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவது ஆகியவையே அவர்கள் ஊழியம். 1991இல் ஜாய்ஸ் பர்லண்ட் என்னும் உளவியலாளர் குடும்பங்களுக்காக 12 வார வகுப்பு ஒன்றை உருவாக்கினார். அதை நடத்துகிறவர்களும், நோயுற்ற உறவினரை உடைய பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே. குடும்பத்தாரின் தாங்கும் திறனை அவ்வகுப்பு வளர்ப்பதாக 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

அமெரிக்க மேலவையில் எதிரெதிர்க் கட்சிகளில் இருந்த பீட் டொமெனிச்சி, பால் வெல்ஸ்டோன் ஆகிய இருவரும் இதே காரியத்தில் கைகோத்தார்கள். முன்னவருடைய மகளும் பின்னவருடைய அண்ணனும் மனநோயால் துன்புற்றவர்கள். மருத்துவக் காப்பீட்டில் மனநோய்க்கும் உடல்நோய்க்கும் சமமான இடம் கோரும் 2008ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

பிரியமானவர்களே, இது கடல்கடந்த தேசத்தின் கதை மட்டுமல்ல. மேல்நாட்டில் தாய்மார் பழிக்கப்பட்ட அதே 1950களில், நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்து, அவர்களைச் சிகிச்சையில் பங்காளிகளாக ஏற்றது. ஆயினும் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை ஏர்வாடியில் நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களில் 25க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுச்சென்ற குடும்பங்களைக் கல்நெஞ்சர் என்று தீர்க்க நமக்கு உரிமையில்லை. அவர்கள் களைத்துப்போன நாட்களில் பக்கத்தில் நின்றவர் யார் என்று முதலில் கேட்போம். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது. குடும்பங்களின் தனிமையை நீக்குவது அயலாராகிய நம் கையில் இருக்கிறது.

ஒன்றை உங்களிடம் அறிக்கையிட வேண்டும். ஊழியத்தின் ஆரம்ப நாட்களில், மகன் மனநோயுற்ற ஒரு வீட்டுக்கு ஜெபிக்கச் சென்றேன். வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது உண்டா என்று அந்தத் தாயிடம் கேட்டேன். அவர் தலைகுனிந்தார். அடுத்த ஞாயிறு முதல் அவர் ஆராதனைக்கு வரவில்லை. ஆண்டவர் தள்ளிவிட்ட கேள்வியை அவருடைய பெயராலே நான் கேட்டிருந்தேன். அந்தப் பெற்றோர் அஞ்சியதுபோல, ஒரு தாயை ஆலயத்துக்குப் புறம்பே நிறுத்தியவன் நானே.

ஆகையால் இந்த வாரம், உங்கள் தெருவில் அல்லது உறவில் இத்தகைய குடும்பம் இருந்தால் அங்கே செல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள். தாய் கடைக்கோ ஆலயத்திற்கோ போய்வரும்படி ஒருமணி நேரம் அந்தப் பிள்ளையோடு அமர்ந்திருங்கள். மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். ஜெபியுங்கள், ஆனால் ஜெபித்தாயிற்று, மருந்தை நிறுத்துங்கள் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். இப்படிப்பட்ட இரண்டு குடும்பங்களை நீங்கள் அறிந்தால், அவர்கள் சம்மதத்தோடு ஒரே மேசையில் அமரச் செய்யுங்கள். மேடிசனில் அப்படித்தான் தொடங்கியது.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, பழி சுமக்கும் வீடுகளுக்குள் உமது சமாதானம் செல்வதாக. அதைச் சுமந்துசெல்லும் கால்களாக எங்களை மாற்றும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.