கோட்டையைத் திறந்த பேராசிரியர்

1796ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி கொழும்புக் கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்த வரலாற்றை இவ்வாரம் கூறுவதாக வாக்களித்திருந்தேன். திருகோணமலையும் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் முந்திய ஆண்டிலேயே கைமாறியதை வாசகர் அறிவராதலின், அவற்றை விடுத்து நேரே களனி கங்கைக் கரைக்கு வருவதே முறை. ஆயினும் நியூஷாட்டல் என்னும் சுவிஸ் நகரத்தைக் காணாமல் முகத்துவாரத்துக்கு வர என் பேனா ஒருப்படவில்லை.

இதே கொழும்பில் 1656இல் போர்த்துக்கேயப் பறங்கியர், ஏழு மாத முற்றுகையில், உண்ணத் தகாதனவெல்லாம் உண்டு, எலும்புந்தோலுமாய் எஞ்சிய பின்னரே மே 12ஆந் திகதி ஒல்லாந்தருக்குப் பணிந்தனர். ஒல்லாந்தரோ, மதிலும் மருந்தும் இருக்கையிலேயே பணிந்தனர். காரணம் வயிற்றில் இல்லை, விசுவாசத்தில் இருந்தது. அவர்களுடைய அதிபதி ஐந்தாம் வில்லியம் 1795 ஜனவரியில் இங்கிலாந்துக்கு ஓடி, ஆங்கிலப் படையை நண்பராக ஏற்கும்படி கியூ மாளிகையிலிருந்து ஓலை விடுக்க, தாய்நாட்டிலோ பிரெஞ்சுக்காரரின் துணைகொண்ட புதுக் குடியரசு அவ்வதிபதியையே பகைவனாக்கிவிட, கொழும்பிலிருந்த ஆளுநர் வான் அங்கெல்பீக் எவர் பெயரால் பீரங்கிக்குத் தீயிடுவார்? எசமான் இன்னாரென்று தெரியாத காவற்காரன் கதவைத் திறந்துவிடுவதில் அதிசயம் என்ன?

இந்தக் குழப்பத்தைக் கண்டு அதில் வாணிபஞ் செய்த மகாசாமர்த்தியசாலிதான் ஹியூ கிளெக்ஹோர்ன். ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் சர்வகலாசாலையில் சரித்திரம் போதித்த இவர், சரித்திரத்தைத் தாமே நடத்திப் பார்க்கவும் துணிந்தார். கொழும்புக் காவற்படையின் பலமாயிருந்த சுவிஸ் பட்டாளம் கவுண்ட் டி மியூரன் என்பவரின் சொந்த உடைமை. 1781இல் ஒல்லாந்தக் கம்பனியின் சேவைக்கென அவர் திரட்டியது. சம்பளப் பாக்கியால் மனங்கசந்திருந்த அக்கவுண்டை நியூஷாட்டலிற் கண்டு, பாக்கியை ஆங்கிலேயரே தீர்ப்பதாக உடன்படிக்கை எழுதி, வெனிஸ், எகிப்து, செங்கடல் என்று அவரைக் கூடவே அழைத்துக்கொண்டு இந்தியாவை அடைந்தார் பேராசிரியர். கொழும்பிற் பட்டாளத்தை நடத்திய கவுண்டின் தம்பிக்கு ஒல்லாந்து சீஸ் ஒன்றினுள் கடிதம் ஒளித்து அனுப்பப்பட்டதென்பது கர்ணபரம்பரை. உண்மையோ பொய்யோ, அதை இழக்க எனக்கு மனமில்லை. 1795 முடியுமுன் சுவிஸ்காரர் கொழும்பை விட்டகன்றனர். துரோகமென்பதா, இராசதந்திரமென்பதா? நான் துரோகமென்றே சொல்வேன். ஆனால் அந்த வழிப்பயணத்தில் கவுண்டுக்கும் பேராசிரியருக்கும் நடந்த சம்பாஷணைகளைக் கேட்க எதையுங் கொடுப்பேன்.

எனக்கு உகந்த வீரன் வேறொருவன். கேணல் ஸ்டூவர்ட்டின் சேனை நீர்கொழும்பிலிருந்து வந்து களனியைக் கடந்தபோது, மலாய்ச் சிப்பாய்களுக்குத் தலைமைதாங்கி அதன்மீது பாய்ந்து, படுகாயமுற்று மாண்ட ரேமொன் என்னும் பிரெஞ்சுக்காரனே அவன். கைவிடப்பட்ட கொழும்புக்காக உண்மையாய்ப் போரிட்டவர்கள் ஒல்லாந்தரல்லாத இவர்களே.

இடம் போதவில்லை. சரணாகதிப் பத்திரம் 15ஆந் திகதி கைச்சாத்தானது. மறுநாள் ஆங்கிலேயர் உட்புகுந்தனர். ஆளுநரைச் சொந்தச் சிப்பாய்களே துரோகியென்று ஏசினர் என்பர். சரணாகதிப் பத்திரத்தின் ஷரத்துக்களையும், தென்னைமரத்துக்கு வரிவிதித்துப் புதிய எசமானர் 1797இல் தேடிக்கொண்ட கலகத்தையும் வரும் வாரம் பார்ப்போம்.