எல்பன்பேன்: யானையைக் காணாதோர் இட்ட பெயர்

ஒல்லாந்த மொழியில் யானைத் தந்தத்துக்கு இரு சொற்கள் உண்டு. இன்று பெருவழக்கிலுள்ள 'இவோர்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. மற்றையது 'எல்பன்பேன்'. பழைய நூல்களிலும் செய்யுள் நடையிலும் மட்டுமே எஞ்சியுள்ள இச்சொல் ஒரு நீண்ட வரலாற்றைத் தன்னுள் அடக்கியுள்ளது.

இது ஒரு கூட்டுச்சொல். முற்பகுதி யானையையும் பிற்பகுதி எலும்பையும் குறிக்கும். பிற்பகுதியான 'பேன்', ஆங்கிலத்தின் 'போன்' என்பதற்கு உடன்பிறப்பு. ஜெர்மன் மொழியிலும் பழைய ஆங்கிலத்திலும் இதே அமைப்பில் சொற்கள் இருந்தமையால், இது ஒல்லாந்தரின் தனி ஆக்கமன்று.

உண்மையில் தந்தம் எலும்பன்று. யானையின் மேல்தாடை வெட்டுப்பல். வடமொழியின் 'தந்தம்' பல் என்றே பொருள்படும். தமிழர் அதனைக் கொம்பு, கோடு, மருப்பு என்றனர். வட ஐரோப்பியரோ எலும்பு என்றனர். அவர்கள் கண்டது வணிகர் கொணர்ந்த வெண்துண்டுகளையே. அவற்றைத் தாங்கிய முகத்தையன்று.

முற்பகுதியின் கதையும் இத்தகையதே. அதன் மூலம் கிரேக்கத்தின் 'எலெஃபாஸ்'. ஹோமரின் காப்பியங்களில் அச்சொல் தந்தத்தை மட்டுமே குறிக்கின்றது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடொட்டஸ் எழுதியபோதே அது விலங்கின் பெயராகவும் வருகின்றது. பண்டத்தின் பெயரே விலங்குக்குச் சூட்டப்பட்டது.

1637 இல் வெளியான ஒல்லாந்த விவிலியம், சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொணர்ந்த தந்தத்தை 'எல்பன்பேன்' என்றே பெயர்த்தது. எபிரேய மூலச் சொல்லிலோ பல் என்னும் சொல் அடங்கியுள்ளது.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், யானையை நன்கறிந்தனர். இலங்கை யானைகளில் தந்தமுடையவை மிகச் சில. எனவே உயிருள்ள யானைகளையே பிடித்து இந்திய வணிகருக்கு விற்றனர். அறிந்த பின்னரும் யானை அவர்களுக்குப் பண்டமாகவே இருந்தது.

ஆபிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டு 2012 இல் கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட 359 தந்தங்கள், 2016 ஜனவரி 26 அன்று காலிமுகத்திடலில் பகிரங்கமாக அழிக்கப்பட்டன. யானையைக் காணாமல் பெயரிட்டவர்களின் அறியாமை மன்னிக்கத்தக்கது. கண்டும் கொன்றவர்களுக்கு அந்தச் சமாதானமும் இல்லை.