நீலத் தொட்டியில் இறங்கியவர்கள்

நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு நீலச் சாயத்தின் வரலாற்றை எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். இங்கே மண்ணுக்கடியில் கிடப்பது பழுப்பு நிலக்கரி. ஆனால் சுரங்கம் வருவதற்கு முன்பு, 19ஆம் நூற்றாண்டுத் தென்னாற்காடு, சென்னை மாகாணத்தில் அவுரி அதிகம் விளைந்த மாவட்டங்களில் ஒன்று. அதற்கும் முன்னால், புதுச்சேரியில் நீலம் தோய்த்த ‘கினியா’ துணியைப் பிரெஞ்சுக்காரன் செனகலுக்கு ஏற்றினான். அதைக் கொடுத்துக் கோந்து வாங்கினான், மனிதர்களையும் வாங்கினான்.

அவுரி என்றால் செடியைப் பேசுகிறார்கள், தொட்டியைப் பேசுவதில்லை. அறுத்த செடியைத் தொட்டியில் அமுக்கித் தண்ணீர் விட்டு, ராத்திரி முழுக்க ஊறப் போடுவார்கள். புளித்து நாறும். அந்தத் தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே நின்று காலாலும் கழியாலும் மணிக்கணக்கில் அடிக்க வேண்டும். காற்றுப் பட்டால்தான் நீலம் பிரியும். அடியில் படிந்த வண்டலைக் காய்ச்சி, வடித்து, கட்டிகளாக அறுத்துக் காயவைப்பார்கள். எங்க ஆயா சொல்லும்: “தொட்டியில எறங்குனவன் காலு பத்து நாளைக்கு வெளுக்காதுடா. சந்தைக்குப் போனா காலப் பாத்தே தள்ளி நிப்பானுங்க.” ஆயா நேரில் கண்டதல்ல, அதோட ஆயா சொன்னது. ஏற்றுமதிக் கணக்கில் இந்தக் காலுக்கு இடமில்லை.

மனு 10ஆம் அத்தியாயத்தில், வறுமையில் வணிகம் செய்ய நேர்ந்தாலும் பார்ப்பான் விற்கக் கூடாத பொருள்கள் வருகின்றன. கள், அரக்கு இவற்றோடு நீலமும் உண்டு. விற்கவே ஆகாத பொருளைச் செய்கிறவனை எங்கே நிறுத்தியிருப்பார்கள்?

வங்காளத்தில் 1859இல் குடியானவர்கள் அவுரி விதைக்க மாட்டோம் என்று எழுந்தார்கள். 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனார். எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இங்கே பெரும்பாலும் தோட்டத் துரை கிடையாது, உள்ளூர்க்காரர்களே பயிரிட்டார்கள். எதிரி வெள்ளைத்தோல் என்றால் தேசிய வரலாறு, உள்ளூர் ஆண்டை என்றால் ‘வழக்கம்’. இங்கே யார் எழுதப் போகிறார்கள்!

1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் கம்பெனி செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியது. மூலப்பொருள், நிலக்கரித் தாரில் எடுத்த நாப்தலீன். அவுரியை அடித்தது கரிதான். நம் மாவட்டத்துக் கரி தோண்டப்பட்டது அதற்கு அறுபது வருஷம் கழித்து.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்து, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கடுக்காய், மாதுளந்தோல், வேம்பு ஏற்றிய துணியில் கிருமி வளர்வது குறைகிறது என்று ஜவுளி ஆய்வகங்கள் சோதித்துச் சொல்கின்றன. கடுக்காயின் துவர்ப்பு நிறத்தையும் பிடித்து வைக்கும், கிருமியையும் தடுக்கும். உண்மைதான். சலவைக்குச் சலவை அந்தத் தடை குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

துணியில் ‘பாரம்பரிய அறிவு’ என்று சீட்டுத் தொங்குகிறது. யாருடைய அறிவு? திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி விளைகிறது, நீலம் எடுக்கிறார்கள். தொட்டி வேலைக்கு யார் போகிறார்கள், என்ன கூலி, காலுக்கு பூட்ஸ் உண்டா என்று கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். உங்க ஊர்க் கிழவிகளிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை, சொன்ன மாதிரியே எழுதி அனுப்புங்கள்.