கூரை கேட்ட பிள்ளைகளும் காட்டுப் பாடசாலையும்

ஜெர்மனியில் பெர்லின் நகரை அடுத்த சார்லொட்டன்பேர்க்கில் 1904ஆம் ஆண்டு பைன் மரக்காட்டின் நடுவே ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. நகரத்து நெருக்கடியில் நோஞ்சான்களாக வளர்ந்த பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்து வந்து, மரத்தடியில் படிப்பும், நல்ல உணவும், போதிய ஓய்வும் கொடுப்பது அதன் நோக்கம். வனப் பாடசாலை என்றே அதற்குப் பெயர்.

அடுத்த ஆண்டு, 1905இல், இலங்கையில் வேஸ் என்பவரின் தலைமையில் ஓர் ஆணைக்குழு ஆரம்பக் கல்வியைப் பற்றி ஆராய்ந்தது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்குவது பற்றிய கேள்வியும் அதன் முன் இருந்தது. பெர்லின் பிள்ளைகளை அறையிலிருந்து வெளியே அழைத்து வந்த அதே காலத்தில், மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளே உட்கார ஓர் அறை கிடைக்குமா என்பது பேச்சாக இருந்தது. வெளி அவர்களுக்கு வேண்டிய மட்டும் இருந்தது.

இந்த முரணை மறந்துவிட்டுக் காட்டுவழிக் கல்வியைப் பற்றி மலையகத்தில் பேச முடியாது. ஐரோப்பாவில் அது இன்று பெரும் இயக்கம். 1950களில் டென்மார்க்கில் வேரூன்றியதை, 1993இல் அங்கு சென்று பார்த்த பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியினர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து உலகெங்கும் பரவிற்று. நமது பிள்ளைகளின் கதை வேறு.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத்துரைமார் மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதை மேலும் இறுக்கியது. கடதாசியில் இருந்த பாடசாலை மலையில் எழும்பியதா என்பது பெரும்பாலும் துரையின் மனத்தைப் பொறுத்த விடயம். ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர், ஐந்து வகுப்புக்கும் ஒரே கரும்பலகை என்பதே வழக்கமாயிற்று. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பயன் நாடெங்கும் பரவியபோது தோட்டப் பாடசாலைகள் ஒதுங்கியே நின்றன. 1977இல் தொடங்கித்தான் அரசு அவற்றைக் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது.

காட்டின் வரலாற்றையும் சற்றுப் பார்க்க வேண்டும். கோப்பிக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. மிஞ்சியதைக் காக்க வேண்டும் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் வலியுறுத்தியதன் பேரில், 1873இல் 5000 அடிக்கு மேலுள்ள காட்டு நிலங்களை விற்பது தடுக்கப்பட்டது. ஹக்கலையிலும் ஹோட்டன் சமவெளியிலும் இன்று நாம் காணும் குளிர்காடுகள் எஞ்சியதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம். ஆனால் காடு இருந்தது என்பதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஒரே மாதிரி இருக்கவில்லை.

ஜீ. எம். ஹென்றியை எடுத்துக்கொள்வோம். மாத்தளைப் பக்கத்து மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1891இல் பிறந்தவர், தோட்டத்துரையின் மகன். மூத்த சகோதரிகளிடமே பெரும்பாலும் படித்தார். மிச்சப் படிப்பைத் தோட்டத்தைச் சுற்றியிருந்த மரங்களும் பூச்சிகளும் பறவைகளும் கொடுத்தன என்றால் மிகையாகாது. பின்னாளில் கொழும்பு நூதனசாலையில் பூச்சியியல் அறிஞராக விளங்கினார். 1955இல் வெளிவந்த இலங்கைப் பறவைகள் பற்றிய அவரது நூல், அவரே வரைந்த படங்களுடன், பல தலைமுறைப் பறவை ஆர்வலர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

அதே காலத்தில் லயத்தில் பிறந்த பிள்ளையும் அந்தக் காட்டோரத்துக்குப் போனான். விறகு பொறுக்கப் போனான். எந்தக் கீரை சமைக்கலாம், எந்தப் பழம் தொண்டையில் அரிக்கும், அட்டைக்கு எதைத் தடவலாம், குளவிக்கூடு எந்த மரத்தில் தொங்குகிறது என்பதெல்லாம் அவனுக்கும் தெரியும். பெண்பிள்ளைக்கு இன்னும் கூடத் தெரியும். சுமை அவள் தலையில்தானே. ஒருவருடைய அறிவு நூலாயிற்று. மற்றவருடையது விறகோடு அடுப்பில் போயிற்று. புத்தியில் குறைவில்லை. அந்த அறிவைக் கல்வி என்று ஏற்றுக்கொள்ள ஒரு பாடசாலை இல்லை, அவ்வளவே.

பத்திரிகைப் பணியின் நிமித்தம் ஹட்டன், நுவரெலியாப் பகுதிப் பாடசாலைகளுக்குச் சென்ற நாட்களில், ஆசிரியர்கள் என்னிடம் சொன்ன குறைகள் கூரை, மேசை, மலசலகூடம், விஞ்ஞான ஆசிரியர் என்பவையே. காட்டை ஒருவரும் கேட்கவில்லை. நியாயம்தான். பாடசாலைக் கட்டடத்துக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய சமூகத்திடம், மரத்தடியில் படிப்பது மேன்மை என்று சொன்னால் அது பரிகாசமாகவே படும்.

ஆயினும் கூரைக்குப் பதிலாகக் காடு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூரையும் இருக்கட்டும், காடும் இருக்கட்டும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பாடசாலைகளில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் கழித்த பிள்ளைகளில் மூன்று ஆண்டுகளில் 30.4 வீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் அது 39.5 வீதம். கைத்தொலைபேசி லயத்துக்குள்ளும் வந்துவிட்ட இக்காலத்தில் இது கவனிக்க வேண்டிய கணக்கு.

கண்ணுக்கு நல்லது என்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. புவியியல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹட்டன் பகுதி மலைமுகடுகளில் பெய்யும் மழையில் ஒரு பங்கு கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா வழியாகக் களனியில் சேர்ந்து கொழும்புக்குப் போகிறது. மறுபக்கம் விழுவது கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் கலந்து திருகோணமலைக் கடலை அடைகிறது. இலங்கையின் இரு பெரும் நதிகள் பிரியும் இடத்தில் நின்றுகொண்டு அந்தப் பிள்ளை நதிகளின் பெயரை மனனம் செய்கிறது. முகடுவரை நடத்திக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரியக்கூடிய பாடம் அது.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வீசியபோது மலைநாடெங்கும் சரிவுகள். நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரெனத் தோன்றும் அல்லது வற்றும் ஊற்று, கலங்கி வரும் நீர்: இவை சரிவின் முன்னறிகுறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லி வருகிறது. வழமையாக அந்த மரம் எப்படி நிற்கும், ஊற்று எந்த நிறத்தில் ஓடும் என்று தெரிந்தவருக்குத்தான் மாற்றம் தெரியும். மாதம் இருமுறை அந்தச் சரிவில் நடந்து குறிப்பெழுதும் பிள்ளை அதை அறியும். ஆனால் அறிந்து மட்டும் என்ன செய்வது? மீரியாபெத்தை ஆபத்தான இடமென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு காணி இருக்கவில்லை. பிள்ளைகளின் குறிப்பேட்டைக் காட்டிப் பாதுகாப்பான காணி வழங்கும் பொறுப்பிலிருந்து அரசும் கம்பனிகளும் நழுவ விடக்கூடாது.

இடையூறுகள் இல்லாமலில்லை. குளவி கொட்டும், சிறுத்தை நடமாடும், காட்டுக்குள் போக வனத்துறையிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் அனுமதி வேண்டும். ஆகவே காட்டுக்குள் போகாமலே, தேயிலை முடிந்து மரம் தொடங்கும் அந்த விளிம்பில் தொடங்கலாம். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற பாட்டிமார் இருவரைக் கூட அழைத்துச் சென்றால் செடிகளின் பெயரைச் சொல்ல ஆளும் கிடைக்கும்.

அதற்கும் அனுமதி கிடைக்காவிட்டால் தோட்டக் காரியாலயத்து முற்றம் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் காலந்தொட்டே அங்கு மழைமானி வைத்து அளவு எழுதி வருகிறார்கள். கொழுந்தின் கணக்குக்காக எழுதப்பட்ட அந்த ஏடுகளைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் புரட்டிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.