இசைத்தட்டு இயக்கிகளும் ஒலி வடிவங்களும்: கிராமபோன் முதல் சவுண்ட்பார் வரை

இசைத்தட்டு, அதைச் சுழற்றும் இயக்கி, ஒலியை வெளியிடும் பெட்டி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் பாட்டுக் கேட்கும். புதிதாக வாங்கிய சவுண்ட்பாரில் பழைய டிவிடியைப் போட்டதும் படம் ஓடி ஒலி மட்டும் வராமல் போவது இன்று பல வீடுகளில் நிகழ்கிறது. சவுண்ட்பார் பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்பவர்களும் உண்டு. பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருக்காது. தட்டில் உள்ள ஒலி வடிவம் அந்தப் பெட்டிக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். இந்தச் சிக்கலின் வயது நூறாண்டுக்கும் மேல். கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வீட்டுப் பரண்களில் இருக்கக்கூடிய தட்டுகளை, அரக்குத் தட்டு முதல் புளூரே வரை, கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் அதன் வரலாறு தெரியும்.

ஊசியும் பள்ளமும்

இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் முதல் ஒலிப்பதிவு 1902 நவம்பரில் கல்கத்தாவில் நடந்தது. பிரெட் கெய்ஸ்பர்க் பதிவு செய்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை திறந்த பின்னரே இங்கேயே அச்சிடுவது தொடங்கியது. தட்டின் மூலப்பொருளான அரக்கு இந்தியக் காடுகளில் கிடைப்பது என்பதை நினைத்தால் ஹானோவர் பயணம் வேடிக்கையாகத் தோன்றும்.

அக்காலத்தில் எல்லாத் தட்டும் ஒரே வகை அல்ல. கிராமபோன், ஓடியன், பேகா முதலிய நிறுவனங்களின் தட்டுகளில் ஊசி பக்கவாட்டில் அதிரும். பிரான்சின் பாத்தே நிறுவனத் தட்டுகளில் பள்ளம் மேலும் கீழுமாக வெட்டப்பட்டிருக்கும். எஃகு ஊசிக்குப் பதில் நீலக்கல் உருண்டை வேண்டும். பல தட்டுகள் உள்விளிம்பிலிருந்து வெளியே ஓடுபவை. கல்கத்தாவில் எச். போஸ் செய்த பதிவுகளைப் பாத்தே தட்டுகளாக வெளியிட்டதால் இவ்வகையும் இந்தியச் சந்தைக்கு வந்தது. பாத்தே தட்டைச் சாதாரண கிராமபோனில் வைத்தால் தட்டு சுழலும், பாட்டு வராது. எஃகு ஊசி பள்ளத்தைக் கீறித் தட்டையும் கெடுத்துவிடும். டி.டி.எஸ். தட்டு சவுண்ட்பாரில் ஊமையாவதற்கு மூத்த உறவு இது.

தமிழ்நாட்டில் கிராமபோன் பரவியது 1920களின் இறுதியிலும் 1930களிலும்தான். காரைக்குடியில் கிராமபோன் தட்டு விற்ற ஏ. வி. மெய்யப்பன் 1932இல் கூட்டாளிகளுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். பின்னாளைய ஏவிஎம் படநிறுவனத்தின் வேர் இந்தத் தட்டுக் கடையில் இருக்கிறது. சாவி கொடுத்து ஓட்டும் கருவி என்பதால் மின்சாரம் எட்டாத ஊரிலும் கிராமபோன் பாடியது. கோயில் திருவிழாவுக்கும் நாடகக் கொட்டகைக்கும் போனால் மட்டுமே கேட்கக் கிடைத்த குரலை இப்போது வீட்டுத் திண்ணையில் கேட்கலாம்.

சிதம்பரத்துக்கு இதில் தனிப் பங்குண்டு. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கதை இவ்வூரை நோக்கியே நடக்கிறது. அக்கதை 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்தும், 1942இல் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்தும் படமானது. தேசிகர் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையில் பணியாற்றினார். 1941இல் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாடு தமிழிசை இயக்கத்துக்கு உருவம் கொடுத்தது. 1917இல் சிதம்பரத்தில் பிறந்த சி. எஸ். ஜெயராமன் ‘பராசக்தி’ (1952), ‘ரத்தக்கண்ணீர்’ (1954) பாடல்களால் தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டார். இவர்கள் காலத்துப் பாட்டு பத்து அங்குலத் தட்டில் வந்தது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம். ஒரு மணி நேரம் பாட வேண்டிய ராகத்தை மூன்று நிமிடத்தில் முடித்தாக வேண்டும். கருவியின் அளவு பாட்டின் அளவைத் தீர்மானித்த காலம் அது.

வேகமும் ஒரு பொருத்தப்பாடுதான். நிமிடத்துக்கு 78 சுற்று என்று சொன்னாலும் தொடக்ககாலத் தட்டுகள் 70 முதல் 80 சுற்று வரை பலவாறு பதிவானவை. 78இல் ஓட வேண்டிய தட்டை 80இல் ஓட்டினால் சுருதி அரைச்சுர இடைவெளியில் ஏறக்குறைய பாதி உயர்ந்துவிடும். எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்சக்குரலைப் பற்றிய வியப்பில் ஒரு சிறு பங்கு கருவியின் திருகைச் சரியாக வைக்காதவர்களுக்கும் சேர வேண்டும்.

கவிழ்க்கும் ஊசி

1948இல் கொலம்பியா 33⅓ சுற்று நெடுந்தட்டையும், 1949இல் ஆர்.சி.ஏ. 45 சுற்றுத் தட்டையும் அமெரிக்காவில் வெளியிட்டன. இந்தியாவில் 78 சுற்றுத் தட்டு 1960களின் இறுதி வரை விடைபெறவில்லை. ஆகவே பல ஆண்டுகள் மூன்று வகையும் ஒரே அலமாரியில் இருந்தன. 78இன் பள்ளத்துக்கு ஏறத்தாழ 75 மைக்ரான் முனை வேண்டும்; நெடுந்தட்டின் நுண்பள்ளத்துக்கு 25 மைக்ரான் போதும். நுண்ணிய ஊசியை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் தரும். பருத்த ஊசியை நெடுந்தட்டில் வைத்தாலோ தட்டே போயிற்று.

இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. ஒரு சிறு நெம்பின் இரு முகங்களில் இரண்டு ஊசிகள். கவிழ்த்தால் வகை மாறும். எச்.எம்.வி., பிலிப்ஸ் போன்ற இயக்கிகளில் வேகம் மாற்றும் திருகும் இந்த ஊசிக் கவிழ்ப்பும் சேர்ந்தே இருந்தன. வீட்டைவிட இவற்றை அதிகம் கையாண்டவர்கள் மைக் செட்டுக்காரர்கள். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் மரத்தில் குழாயைக் கட்டிவிட்டு, பந்தலோரத்தில் தட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ வசனத் தட்டுகளை ஊரார் மனப்பாடம் செய்தது அவர்கள் புண்ணியத்தில். எந்தத் தட்டுக்கு எந்த ஊசி என்பது அவர்களுக்குப் பிழைப்பு. தவறினால் முதல் போய்விடும்.

ஸ்டீரியோ வந்தபோது சிக்கல் இன்னொரு படி ஏறியது. பழைய மோனோ ஊசி செங்குத்தாக அசையாது. ஸ்டீரியோ பள்ளம் செங்குத்து அசைவையும் கேட்கும். பொருந்தாத கருவியில் ஓட்டினால் பாட்டு வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் தட்டு கொஞ்சம் தேயும். ‘பிரியா’ (1978) போன்ற ஸ்டீரியோ பதிவுகளைப் பழைய பெட்டியில் ஆசை தீரக் கேட்டவர்கள் பின்னாளில் நல்ல கருவி வாங்கியபோது தட்டில் கரகரப்புதான் மிஞ்சியிருந்தது.

அமைதியான ஓர் இடைவேளை

கேசட்டுக் காலத்தை இங்கே தாண்டிவிடலாம், அது தட்டல்ல. 1982இல் வந்த குறுந்தட்டு, எல்லா நிறுவனங்களும் ஒரே அளவீட்டை ஏற்றதால் பொருத்தச் சண்டை இல்லாத அரிய காலத்தைத் தந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரண்டு தடம். இன்றைய எந்தச் சவுண்ட்பாரும் இந்த வடிவத்தைப் புரிந்துகொள்ளும்.

சண்டை படத்தட்டுடன் திரும்பியது. விசிடியில் இரண்டு தட ஒலி மட்டும். ஒரு தட்டில் 74 நிமிடம் என்பதால் தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று தட்டு வேண்டும். டிவிடி வந்ததும் டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். என்ற இரண்டு பெயர்கள் வீட்டுக்குள் நுழைந்தன. அவை தியேட்டர் விளம்பரத்தில் ஏற்கெனவே பழகியவை: ‘குருதிப்புனல்’ (1995) டால்பி ஒலிக்கும், ‘கருப்பு ரோஜா’ (1996) டி.டி.எஸ். ஒலிக்கும் இந்தியாவின் முன்னோடிகளாகச் சொல்லப்படுகின்றன. பறங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களுக்கு வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பெட்டிகளில் டிவிடி இயக்கியும் இருந்தது. ஐங்கரன் போன்ற வெளிநாட்டு வெளியீட்டாளர்களின் தமிழ்த் தட்டுகளும் இருந்தன. உள்ளூரில், 2007இல் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. கூடவே சென்னை ரிச்சி தெரு உதிரிபாகங்களைக் கொண்டு பூட்டிய 5.1 ஆம்ப்ளிஃபையர்கள் பரவின. இயக்கியே ஒலியைப் பிரித்து ஆறு வயர்களில் அனுப்பிவிடும். ஆம்ப்ளிஃபையருக்கு எந்த வடிவமும் தெரிய வேண்டியதில்லை. இன்று திரும்பிப் பார்த்தால் அது நல்ல ஏற்பாடு.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. இத்தகைய நாள்களில் நனைந்த சேகரிப்பில் எது பிழைக்கும் என்பதும் தட்டின் பொருளைப் பொறுத்தது. காகித உறை ஒட்டிக்கொண்டாலும் பாலிகார்பனேட் தட்டைக் கழுவித் துடைத்து ஓட்டலாம். அரக்குத் தட்டில் ஈரம் ஏறினால் மேற்பரப்பு கெடும். மின்கருவி நனைந்தால் சொல்லவே வேண்டாம். தட்டு தப்பி இயக்கி போன வீட்டில், அடுத்த இயக்கியைத் தேர்வது வெறும் பொழுதுபோக்குக் கணக்கல்ல.

சவுண்ட்பாருக்கு ஏற்ற இயக்கி

சவுண்ட்பாரில் ஆறு வயர் இல்லை. ஒலியைப் பிரிக்கும் வேலை இப்போது பெட்டியிடம். ஆகையால் இயக்கி வாங்கும் முன் சவுண்ட்பாரின் முதுகைப் பார்க்க வேண்டும்.

அங்கே எச்.டி.எம்.ஐ. உள்ளீடு தனியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. புளூரே இயக்கியை நேரே அதில் செருகி, அங்கிருந்து தொலைக்காட்சிக்குக் கொண்டு போகலாம். இயக்கியின் ஒலி அமைப்பில் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று வைத்து, துணை ஒலிக் கலப்பை அணைத்துவிட வேண்டும். அதை அணைக்காவிட்டால் அட்மாஸ் தட்டிலிருந்தும் அட்மாஸ் வராது.

ஏ.ஆர்.சி. என்று குறித்த ஒரே துளை இருந்தால் ஒலி தொலைக்காட்சி வழியாகத்தான் வரும். இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். இயக்கிக்கு டி.டி.எஸ். தெரியும், சவுண்ட்பாருக்கும் தெரியும். நடுவிலுள்ள தொலைக்காட்சி அதைக் கடத்தாது. டால்பி ட்ரூஎச்.டி., டி.டி.எஸ்.-எச்.டி. போன்ற இழப்பில்லா வடிவங்களுக்கு ஏ.ஆர்.சி. போதாது; 2017இல் வெளியான எச்.டி.எம்.ஐ. 2.1 தரத்தோடு வந்த இ-ஏ.ஆர்.சி. வேண்டும்.

ஒளியிழைத் துளை மட்டுமென்றால் அதன் கொள்ளளவு இரண்டு தடப் பி.சி.எம். அல்லது சுருக்கிய 5.1. அதற்காகப் புளூரே வீணாகாது: டி.டி.எஸ்.-எச்.டி. தடத்துக்குள் சாதாரண டி.டி.எஸ். கருவாக இருக்கிறது, ட்ரூஎச்.டி. தடத்தோடு டால்பி டிஜிட்டலும் துணைக்கு வருகிறது. இயக்கி அதை எடுத்து அனுப்பும். சவுண்ட்பார் டால்பி மட்டும் அறிந்ததென்றால், டி.டி.எஸ். தட்டுக்கு இயக்கியைப் ‘பி.சி.எம்.’ என மாற்ற வேண்டும், 5.1 இரண்டு தடமாகச் சுருங்கும், ஆனால் வசனம் கேட்கும். சில இயக்கிகளில் மறுகுறியாக்கம் என்றொரு தேர்வு உண்டு. அது டி.டி.எஸ்ஸாகவே மாற்றித் தரும் வகையானால் டால்பி மட்டும் அறிந்த பெட்டிக்கு உதவாது. கடைக்காரர் சொல்லும் பெயரை நம்பாமல் கையேட்டைப் படிப்பது நல்லது.

பழைய விசிடிகள் நிறைய இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதிய புளூரே இயக்கிகள் சில விசிடியைப் படிப்பதில்லை. பலவற்றில் சிவப்பு வெள்ளை ஆடியோ துளைகளும் இல்லை. கோஆக்சியல் துளை உள்ள பழைய டிவிடி இயக்கியைத் தூக்கி எறியாமல், ஒளியிழைக்கு மாற்றும் சிறு பெட்டி ஒன்றை இணைத்து வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஓடுவது ஒரே சமிக்ஞைதான். வட்டாரக் குறியீடும் உண்டு. இந்தியாவுக்கு டிவிடியில் 5, புளூரேயில் சி. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய தட்டு ஓடாததற்கு அதுவும் காரணமாகலாம்.

தள்ளிப்போடவும் அதிக காலம் இல்லை. ஓப்போ 2018இலும் சாம்சங் 2019இலும் புளூரே இயக்கித் தயாரிப்பிலிருந்து விலகின. கடைகளில் வகைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

கடைசியாக, 78இலிருந்து குறுந்தட்டுக்கு மாற்றிய பழம்பாடல்கள். இவை மோனோ. சவுண்ட்பாரின் ‘சரவுண்ட்’, ‘மூவி’ முறைகள் இல்லாத அகலத்தை இட்டுக்கட்டி, குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆக்கிவிடும். அவற்றை அணைத்து ‘ஸ்டீரியோ’ அல்லது ‘ஸ்டாண்டர்டு’ என்று வைத்தால் சி. எஸ். ஜெயராமன் நடுவில் நின்று பாடுவார்.