மாடி வீட்டில் அவுட், நம்ம வீட்டில் நாட் அவுட்

போன ஐபிஎல் சீசன்ல ஒரு ராத்திரி. சேப்பாக்கத்துல மேட்ச். மயிலாப்பூர்ல எங்க வீட்டு ஹால்ல தாத்தா ஈஸிசேர்ல சாஞ்சுண்டு என்னோட டேப்லெட்ல பார்த்துண்டு இருக்கார். பவுலர் அப்பதான் ஓடி வர ஆரம்பிக்கறார். மாடி வீட்ல இருந்து "போச்சுடா!"ன்னு ஒரு அலறல்.

"யாருடா அவுட்டு?"

"இன்னும் பாலே போடலை தாத்தா."

அரை நிமிஷம் கழிச்சு ஸ்டம்ப் பறந்தது. தாத்தா டேப்லெட்டை ஓரமா வெச்சுட்டார். "நேத்து பேப்பரைப் படிக்கற மாதிரி இருக்கு. இதுக்கு எதுக்குடா லைவ்னு பேரு?"

சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கறவனை இதை விட அசிங்கமா திட்ட முடியாது :-) பதில் தேடிப் போனேன். அது சுப்ரீம் கோர்ட், அமெரிக்க பேஸ்பால் வரைக்கும் இழுத்துண்டு போயிடுத்து.

முதல்ல டெக்னிகல் பதில். மாடி வீட்ல டிஷ். சாட்டிலைட் 36,000 கி.மீ. உயரத்துல இருந்தாலும் ஏறி இறங்க கால் செகண்ட் போதும். மற்ற வேலையெல்லாம் சேர்த்தா சில செகண்ட். நெட்ல கதை வேற. வீடியோவை சில செகண்ட் நீளத் துண்டுகளா நறுக்கி அனுப்பறாங்க. படம் நடுவுல நிக்கக் கூடாதுன்னு ரெண்டு மூணு துண்டைக் கையில வெச்சுண்டுதான் பிளேயர் ஓட ஆரம்பிக்கும். எல்லாம் கூட்டினா அரை நிமிஷம் வந்துடும். சேப்பாக்கம் எங்க வீட்லேர்ந்து மூணு கிலோமீட்டர் சொச்சம். ஸ்டேடியத்துக் கூச்சல் அவ்வளவு தூரம் கேட்கும்னு வெச்சுண்டா, அதுவே பத்து செகண்ட்ல வந்து சேர்ந்துடும்!

சரி, சரித்திரத்துக்கு வருவோம். சென்னைல தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. 1983 உலகக் கோப்பை ஃபைனலை (நம்ம ஸ்ரீகாந்த் 38, அன்னிக்கு அதான் டாப் ஸ்கோர்) தாத்தா பார்த்தது பக்கத்து வீட்ல, தரையில உட்கார்ந்து. எங்க வீட்ல டிவி கிடையாது. ஆனா ஆன்டெனா வெச்சவங்களுக்கெல்லாம் மேட்ச் ஓசி. அப்பல்லாம் மேட்சைக் காட்ட கிரிக்கெட் போர்டுதான் தூர்தர்ஷனுக்குப் பணம் கட்டணுமாம். இன்னிக்கு யாரும் நம்ப மாட்டாங்க.

இது தலைகீழானது 1993 ஹீரோ கப்ல. பெங்கால் கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை டிடபிள்யூஐன்னு ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வித்தது. அரசாங்கம் ஒத்துக்கலை. கம்பெனி கொண்டு வந்த கருவிகளை பம்பாய்ல கஸ்டம்ஸ் பிடிச்சு வெச்சது. ஈடன் கார்டன்ஸ் செமி ஃபைனல்ல சச்சின் போட்ட கடைசி ஓவர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தத் தொடருக்குப் பின்னாடி கோர்ட்ல இன்னொரு மேட்ச் ஓடிண்டு இருந்தது. 1995 பிப்ரவரி 9 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லித்து: அலைவரிசை பொதுச் சொத்து, அரசாங்கம் மட்டும் அதை ஏகபோகமா வெச்சுக்க முடியாது.

அரசாங்கத்துக்கிட்ட இருந்து குழாயைப் பிடுங்கியாச்சு. அடுத்து யார் கைக்குப் போச்சுங்கறது சென்னைக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். 2003 செப்டம்பர்ல கட்டண சேனல் பார்க்க செட் டாப் பாக்ஸ் கட்டாயம்னு ஒரு திட்டம் வந்தது. மற்ற பெரிய நகரமெல்லாம் நழுவிடுத்து, சென்னை மட்டும் மாட்டிண்டது. இலவச சேனல்களுக்கு மாசம் 72 ரூபாய் ப்ளஸ் வரி. ஸ்போர்ட்ஸ் சேனல் வேணும்னா பாக்ஸ். ரொம்பப் பேர் வாங்கலை, நாங்களும்தான். 2004-ல இந்தியா பாகிஸ்தான் போனப்ப உரிமை டென் ஸ்போர்ட்ஸ்கிட்ட. சுப்ரீம் கோர்ட் தலையிட்டுதான் தூர்தர்ஷன்லயும் வந்தது. முல்தான்ல சேவாக் அடிச்ச 309-ஐ பாக்ஸ் இல்லாத எங்க வீடு பார்த்தது அப்படித்தான். அப்போ நான் ரொம்பச் சின்னப் பையன், தாத்தா சொல்லித்தான் தெரியும்.

அதையே 2007-ல சட்டமாக்கினாங்க. தேசிய முக்கியத்துவம் உள்ள மேட்ச்னா, உரிமை யார்கிட்ட இருந்தாலும் தூர்தர்ஷனோட சிக்னலைப் பகிர்ந்துக்கணும். ஆனா 2017-ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு ஒரு எல்லை போட்டது: அப்படி வாங்கின சிக்னல் தூர்தர்ஷனோட சொந்த ஆன்டெனா, சொந்த டிஷ்ல மட்டும்தான், தனியார் கேபிள்ல வரக் கூடாது. ஐபிஎல் மாதிரி கிளப் போட்டிக்கு இந்தச் சட்டம் எட்டவே எட்டாது. மேட்ச் காத்துல இருந்து ஒயருக்கு இறங்க இறங்க, 'காத்து பொது'ங்கற தீர்ப்பும் தேஞ்சுண்டே வந்தது.

ஒயர்ல மேட்ச் காட்டறதுக்கு முன்னோடி கிரிக்கெட் இல்லை, பேஸ்பால். 2002 ஆகஸ்ட் 26, நியூயார்க் யாங்கீஸுக்கும் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸுக்கும் நடந்த ஆட்டத்தை எம்எல்பி நெட்ல நேரடியா காட்டித்து. பார்த்தவங்க சுமார் 30,000 பேர். 2023 ஐபிஎல் ஃபைனல்ல ஜடேஜா கடைசிப் பந்தை பவுண்டரிக்குத் தட்டின அந்த ஆட்டத்துல ஒரே நேரத்துல ஜியோசினிமா பார்த்தவங்க 3.2 கோடி. 21 வருஷத்துல ஆயிரம் மடங்கு!

ஆனா பேஸ்பால்ல ஒரு வேடிக்கை உண்டு. பணம் கட்டி நெட்ல பார்க்கலாம், ஆனா ரொம்ப நாள் வரைக்கும் உள்ளூர் டீம் ஆட்டத்தை மட்டும் பார்க்க முடியாம இருந்தது. அந்த ஏரியா உரிமையை ஏதோ ஒரு கேபிள் சேனலுக்கு ஏற்கெனவே வித்திருப்பாங்க. அயோவா மாநிலத்துக்கு சொந்தமா ஒரு பெரிய டீம் கூட கிடையாது. ஆனா சுத்தியிருக்கற ஆறு டீம் அதைத் தன் ஏரியான்னு சொல்லிண்டதால, பல வருஷம் அங்க ஆறு டீமோட ஆட்டமும் நெட்ல மறைப்பு. மைதானத்துக்குக் கிட்ட இருக்கறவனுக்குத்தான் அதிக இருட்டு.

நம்ம ஊர்ல அப்படி மறைக்கறது இல்லை. ஆனா குழாய் கை மாறிண்டே இருக்கு. 2010-ல யூடியூப்ல ஐபிஎல் ஓசி. அப்புறம் ஹாட்ஸ்டார்ல ஓசிக்குப் பார்த்தா அஞ்சு நிமிஷம் லேட்டு. 2020-ல சந்தா. 2023-ல ஜியோசினிமா மறுபடி ஓசி. 2025 பிப்ரவரியில ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார். 2022 ஏலத்துல அஞ்சு வருஷ உரிமை 48,390 கோடிக்குப் போச்சு. அவ்வளவு கொட்டினவங்க அதை நம்மகிட்டதானே எடுக்கணும்?

ஒரு காலத்துல மேட்ச் பார்க்க மைதானத்து ஓரத்துல நின்னா போதும். மெட்ராஸ் கிரிக்கெட்டோட பிதாமகர் புச்சிபாபு நாயுடு இருந்தது எங்க லஸ்லதான். அந்தக் காலத்துல சந்தாவும் கிடையாது, லேட்டும் கிடையாது.

இதையெல்லாம் தாத்தாவுக்கு விலாவாரியா சொன்னேன். பொறுமையா கேட்டுண்டார். "அப்போ மாடி வீட்ல அரை நிமிஷம் முன்னாடி தெரியும்?"

"ஆமா தாத்தா."

இப்பல்லாம் சேப்பாக்கம் மேட்ச்னா, முட்டி வலியோட பதினெட்டுப் படி ஏறிப் போயிடறார். 1983 மாதிரியே பக்கத்து வீட்டு டிவி. நான் கீழ டேப்லெட்டோட தனியா உட்கார்ந்திருக்கேன். நேத்து மேலேர்ந்து வந்த முதல் கூச்சல் தாத்தாவோடதுதான்.